‘திருப்பிச் சொல்லுங்கோ’: அருள்மலர் அவர்களின் குரல்

கிளிநொச்சிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது வசந்தனின் அழைப்பு வந்தது. பக்கத்தில் மீன்காரர் ஒருவர் விலை கூவிக்கொண்டிருந்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

“அண்ணை, அருள்மலர் அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா.”

“ஓம்,” என்றேன்.

மறுமுனையில் பேச்சு நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு வசந்தன், “அண்ணை, திருப்பிச் சொல்லுங்கோ,” என்றார்.

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். “அருள்மலர் விடியப்புறம் மோசம் போயிட்டா,” என்றேன்.

“அதுதான். அடக்கம் நாளைக்குப் பின்னேரம், நாயாற்றில.”

“அடக்கம் நாளைக்குப் பின்னேரம், நாயாற்றில.”

“அதுதான் அண்ணை. வேறை என்ன?”

“ஒண்டும் இல்லை.”

அவர் வைக்கவில்லை. காத்திருந்தார்.

“ஒண்டும் இல்லை வசந்தன்.”

“சரி, வைக்கிறன்.”

அருள்மலர் அவர்களை அறிந்தவர்களுக்கு இந்த உரையாடல் விளங்கும். அறியாதவர்களுக்கு, துக்கச் செய்தி சொல்பவர் கேட்டவரையே அதைத் திருப்பிச் சொல்ல வைப்பது கொடுமையாகத் தோன்றலாம். அவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நாயாற்றுக் கரையில் ஒரு கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் அருள்மலர். இடப்பெயர்வெல்லாம் முடிந்தபின் கணவர் மரியதாஸுடன் கிளிநொச்சியில் குடியேறினார். மரியதாஸ் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்றார். அருள்மலர் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். மின்கம்பி இழுப்பது, பழுது பார்ப்பது ஆகிய வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் நிறுவனம் அது. ஆணி, கம்பி, பீங்கான் குமிழ், தோல் கையுறை இவற்றை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி அடுக்குவதும் அவருடைய வேலை. நான் அவரை முதலில் பார்த்தது அந்தக் களஞ்சியத்தின் வாசலில்தான். ஒரு விபத்தைப் பற்றிப் பத்திரிகைக்காக விசாரிக்கப் போயிருந்தேன்.

மின்கம்பத்தில் ஒருவர் ஏறுவதற்கு முன்னர் அந்தக் கம்பிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்துபவர் தொலைவில் இருப்பார். அவர் நிறுத்திவிட்டாரா என்பதை அலுவலகத்தில் இருப்பவர் கேட்டு அறிந்து, கம்பத்தடியில் நிற்பவருக்குத் தொலைபேசியில் சொல்வார். அதைக் கேட்ட பிறகே மேலே நிற்பவர் கம்பியில் கை வைப்பார். கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியும் உண்டு. ஆனால் கருவி இந்த நிமிடத்தைப் பற்றித்தான் சொல்லும். அடுத்த அரைமணி நேரத்துக்கு ஒருவரும் மின்சாரத்தைத் திரும்பப் போடமாட்டார்கள் என்பதை ஒரு மனிதக் குரல்தான் சொல்ல முடியும்.

விபத்து நடந்தது பளைக்குப் பக்கத்தில், தென்னங்காணிகளுக்கு நடுவே. கம்பத்தில் சிவநேசன் நின்றார். ஸ்கந்தபுரத்துக்காரர். கீழே தொலைபேசியுடன் நின்றவர் வசந்தன். சிவநேசன் வசந்தனின் அக்காவைக் கட்டியவர். அலுவலகத்தில் தொலைபேசிக்கு இருந்தவர் ரெஜி என்ற இளைஞர். சோதிக்கும் கருவி அன்று இன்னொரு குழுவிடம் இருந்தது. காற்று பலமாக வீசியது.

“கேளடா வசந்தன், ஓஃபோ?” என்று மேலிருந்து அத்தான் கேட்டார்.

வசந்தன் தொலைபேசியில் கேட்டார். பதில் வந்தது. “ஓம் அத்தான், ஓஃப்!” என்று கத்தினார்.

சிவநேசன் உயிர் தப்பினார். வலது கையைத் தோளுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

நான் போனபோது அலுவலகத்தில் இருவகைக் கதை இருந்தது. ‘அவன் ஓம் எண்டு சொன்னவன்’ என்று வசந்தன் சொன்னார். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று ரெஜி சொன்னார். நான் பல விபத்துகளைப் பற்றி எழுதியவன். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் எல்லோரையும்போல எனக்கும் தோன்றியது. கம்பம் ஏறுபவர்கள் வசந்தனின் பக்கம் நின்றார்கள். மேசையில் இருப்பவர்கள் ரெஜியின் பக்கம் நின்றார்கள். “ஒப்பீசில இருக்கிறவங்கட வாயை நம்பி இனி ஏறேலாது,” என்று குழுக்கள் சொல்லிவிட்டன.

மனேஜர் கூட்டம் வைத்தார். நடந்தது நடந்துவிட்டது, இனி எல்லோரும் ஒற்றுமையாக வேலை செய்ய வேண்டும் என்று நெடுநேரம் பேசி, கடைசியில் “விளங்கிச்சோ?” என்று கேட்டார். எல்லோரும் “ஓம் சேர்” என்றார்கள். அடுத்த நாள் ஒருவரும் ஏறவில்லை.

இதை எனக்குப் பின்னர் சொன்னபோது அருள்மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவ்வளவு பேரும் ஓம் எண்டவை அண்ணை. சுவர்ல இருந்த பல்லி மட்டுந்தான் சொல்லேல்ல. எங்கட ஆக்கள் ஓம் எண்டு சொன்னா என்ன அர்த்தம் தெரியுமோ? நீங்கள் கதைச்சு முடிச்சிட்டியள், நாங்கள் போறம் எண்டு அர்த்தம்.”

அவர் செய்தது சின்னக் காரியம். ஒரு பின்னேரம் வசந்தனையும் ரெஜியையும் அலுவலகத்தின் பின்பக்கம் இருந்த குசினிக்குள் கூப்பிட்டார். இரண்டு கதிரைகளைப் போட்டு இருத்தினார். தேத்தண்ணி ஊற்றினார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. களஞ்சியக்காரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்டவர்களும் உண்டு. அன்று அங்கே நடந்ததை இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயின.

“ஒராள் சொல்லுறதை மற்றாள் முதல்ல திருப்பிச் சொல்லோணும். சொன்னவன் ‘அதுதான்’ எண்டாப் பிறகுதான் மற்றவன் தன்ர கதையைச் சொல்லலாம்,” என்றார் அருள்மலர்.

“இதென்ன அக்கா, பாலர் வகுப்போ?” என்றார் வசந்தன்.

“ஓம், நீ பாலர் வகுப்பில ஒழுங்காப் படிக்கேல்ல. தொடங்கு.”

வசந்தன் ரெஜியைப் பார்க்காமலே சொன்னார். “இவன் ஓம் எண்டு சொன்னவன். அதைக் கேட்டுத்தான் நான் அத்தானுக்குச் சொன்னனான்.”

“நான் அப்பிடி—”

“திருப்பிச் சொல்லு ரெஜி.”

ரெஜி கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். “நான் ஓம் எண்டு சொன்னனான் எண்டு இவர் சொல்லுறார். அதைக் கேட்டுத்தான் தான் அத்தானுக்குச் சொன்னதாம்.”

“அதுதான்,” என்றார் வசந்தன்.

“இப்ப நீ சொல்லு ரெஜி.”

“நான் ‘இல்லை, இன்னும் ஓன்’ எண்டுதான் சொன்னனான்.”

வசந்தன் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். “இவன், இல்லை, இன்னும் ஓன் எண்டு...” அந்த இடத்தில் நின்றுவிட்டார். “இன்னும் ஓன்,” என்று மறுபடி சொன்னார். “ஓன்,” என்றார். “ஓம்,” என்றார். இரண்டையும் தன் வாயால் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார். முன்பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய ஒரு சொல் அவர் காதில் இன்னொரு சொல்லாக விழுந்துவிட்டது.

“அப்ப என்ர காதுதான் அக்கா,” என்று அழத் தொடங்கினார். “இல்லை அண்ணா, நான் வடிவாச் சொல்லியிருக்கோணும்,” என்று ரெஜியும் அழுதார். தேத்தண்ணி ஆறிப்போனது.

அடுத்த முறை நான் போனபோது அருள்மலரிடம் நேராகவே கேட்டேன், யார் பிழை விட்டது என்று. அவர் ஆணிப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார். “பிழை விட்டது ஒரு சொல்லு அண்ணை. அதின்ர பேரைப் போட்டு எழுதுங்கோ,” என்றார். அப்படியே எழுதினேன். பத்திரிகையில் படித்தவர்களில் பலர் அதை நம்பவில்லை.

சில நாள் கழித்து ரெஜியையும் வசந்தனையும் கூட்டிக்கொண்டு அவர் ஸ்கந்தபுரத்துக்குப் போனார். சிவநேசன் வீட்டு முற்றத்தில் கட்டிலில் இருந்தார். நடந்ததை ரெஜி சொன்னார். சிவநேசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, கை போனது போனதுதான். இனி உந்த போனுக்கு ஆர் இருக்கப் போறது? அதைச் சொல்லுங்கோ,” என்றார்.

ரெஜி, “நான் இருக்கமாட்டன்,” என்றார்.

வசந்தன்தான் சொன்னார். “அக்கா இருந்தா ஏறுறன்.”

அருள்மலர் மறுத்துப் பார்த்தார். தனக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார். “எங்களுக்குத் தெரியும். நீங்கள் கதையைப் பாத்துக்கொள்ளுங்கோ,” என்றார் வசந்தன். அப்படித்தான் களஞ்சியத்தில் இருந்தவர் தொலைபேசிக்கு வந்தார். மனேஜருக்கும் வேறு வழி இருக்கவில்லை. வேலை நின்றுபோய்க் கிடந்தது.

அவர் முதலில் செய்தது அந்த மூன்று சொற்களைத் தொலைபேசியிலிருந்து விலக்கியதுதான். ஓம் இல்லை. ஓன் இல்லை. ஓஃப் இல்லை. ‘நிப்பாட்டியாச்சு’, ‘போட்டிருக்கு’ என்ற இரண்டுதான். ஒரு நாள் அவரது மேசைக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன். பேச்சு இப்படிப் போனது.

“அக்கா, வசந்தன். பளை, பள்ளிக்கூடத்தடி.”

“வசந்தன், பளை, பள்ளிக்கூடத்தடி. பள்ளிக்கூடத்தடி லைன் நிப்பாட்டியாச்சு. நான் சொல்லும் வரைக்கும் ஒருத்தரும் போடமாட்டினம்.”

“பள்ளிக்கூடத்தடி லைன் நிப்பாட்டியாச்சு. அக்கா சொல்லும் வரைக்கும் ஒருத்தரும் போடமாட்டினம்.”

“அதுதான். வேறை என்ன?”

“ஒண்டும் இல்லை.”

அருள்மலர் பேசாமல் இருந்தார். தொலைபேசியில் அந்த மௌனம் நீளமாகத் தெரிந்தது. பிறகு மறுமுனையில் வசந்தன் சொன்னார், “ஏறப்போற சுதனுக்கு நேற்றுத் தொடங்கிக் காய்ச்சல் போல கிடக்கு அக்கா. இல்லையெண்டு நிக்கிறான்.”

“சுதனுக்குக் காய்ச்சல். அப்ப அவன் கீழ நிக்கட்டும். அவனிட்டைப் போனைக் குடு, நான் ஏசுறன்.”

‘வேறை என்ன?’ என்பதற்கு முதலில் வரும் ‘ஒண்டும் இல்லை’யை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டாவதை ஏற்றுக்கொள்வார். இடையில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மனிதர்கள் உள்ளதைச் சொல்கிறார்கள் என்பது அவரது எண்ணம்.

இதெல்லாம் எங்கே படித்தது என்று கேட்டேன். “படிச்சதோ?” என்றார். “அப்பாவோட போட்டில போனனான் அண்ணை, சின்னனில. எஞ்சின் சத்தத்தில, காத்தில, ஓம் எண்டு கத்தினா என்ன, இல்லை எண்டு கத்தினா என்ன? முன்னுக்கு நிக்கிற ஆள் ‘இடப்பக்கம் கல்லு’ எண்டா பின்னுக்கு நிக்கிற ஆள் ‘இடப்பக்கம் கல்லு’ எண்டு திருப்பிச் சொல்லோணும். சொல்லாட்டி அப்பா துடுப்பால தட்டுவார். இஞ்ச என்னட்டைத் துடுப்பு இல்லை, அவ்வளவுதான்.”

இன்னொரு பழக்கத்தையும் அவர் கொண்டுவந்தார். ஏற வேண்டியவர், எல்லாம் சரியாக இருந்தாலும், ‘எனக்கு மனம் ஒப்பேல்ல’ என்று சொல்லலாம். சொன்னால் ஏறத் தேவையில்லை. அவர் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரைக்கும் ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது.

இது சோதனைக்கு வந்தது வசந்தனால்தான். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு புதுக் கட்டடத் திறப்பு விழா. பெரியவர்கள் வந்து காத்திருந்தார்கள். மின்சாரம் வரவில்லை. கம்பத்தடியில் வசந்தன், “அக்கா, எனக்கு மனம் ஒப்பேல்ல,” என்றார். அருள்மலர், “வசந்தனுக்கு மனம் ஒப்பேல்ல. சரி, தேத்தண்ணி குடி,” என்று சொல்லி வைத்தார். மனேஜர் பாய்ந்து வந்தார்.

“அவன் ஏறமாட்டனெண்டுட்டானோ?”

“அவன் ஏறமாட்டன் எண்டு சொல்லேல்ல சேர். மனம் ஒப்பேல்ல எண்டுதான் சொன்னவன்.”

“ரெண்டும் ஒண்டுதானே!”

“இல்லை சேர். ரெண்டும் ஒண்டெண்டு நீங்கள் சொல்லலாம், உங்கட கை போகேல்ல.”

பிறகு பார்த்தபோது ஒன்றும் பிழையில்லை. கம்பி நிறுத்தப்பட்டுத்தான் இருந்தது. வசந்தனின் பயத்துக்குக் காரணமே இருக்கவில்லை. விழாவில் பெரியவர்கள் வியர்த்து வியர்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். மனேஜர் அருள்மலரிடம், “இப்ப என்ன சொல்லுறீங்கள்?” என்று கேட்டாராம். “பிழை ஒண்டும் இல்லையெண்டா சந்தோசம்தானே சேர்,” என்று பதில் சொன்னார். பிழை இருந்திருந்தால் யாராயிருந்தாலும் வசந்தனை நம்பியிருப்பார்கள். இல்லாதபோதும் அருள்மலர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைத்தான் குழுக்கள் கவனித்தன. அந்த நாளுக்குப் பிறகு அவரிடம் மறைப்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை என்று வசந்தன் சொன்னார்.

வசந்தனின் கலியாண எழுத்துக்கு நானும் போயிருந்தேன். பதிவாளர் கடமைக்குரிய தொனியில், “இவவைக் கலியாணம் செய்ய உமக்குச் சம்மதமோ?” என்று கேட்டார். வசந்தன் வாயைத் திறக்க முன்னர் பின்னால் நின்ற குழுவிலிருந்து ஒரு குரல் வந்தது. “டேய், ஓம் எண்டு சொல்லிடாதை! முழுசாச் சொல்லு!” பந்தல் முழுக்கச் சிரித்தது. வசந்தன் காது சிவந்துபோய், “இவவைக் கலியாணம் செய்ய எனக்குச் சம்மதம்,” என்றார். “அதுதான்!” என்றார்கள் எல்லோரும் ஒன்றாக. முன்வரிசையில் இருந்த அருள்மலர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பதிவாளருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. சிவநேசன் இடது கையால் எழுதப் பழகி, சாட்சிக் கையெழுத்து வைத்தார்.

அருள்மலர் பொறுமைசாலி என்று யாராவது எழுதினால் அது அவராக இருக்காது. தொலைபேசியில் இருந்த பொறுமை மற்ற இடங்களில் அவருக்கு இருக்கவில்லை. ஒரு கேள்விக்கு நீட்டி முழக்கி விடை சொன்னால், “கதையைச் சுருக்குங்கோ, உலையில அரிசி கிடக்கு,” என்பார். மரியதாஸ் ஒருமுறை என்னிடம் முறையிட்டார். “மீன் வித்துக் களைச்சு வாறன், ‘வேறை என்ன’ எண்டு கேக்கிறா. ‘ஒண்டும் இல்லை’ எண்டுறன். பாத்துக்கொண்டு நிக்கிறா. பேந்து சூடை மீன் விக்கேல்ல எண்டதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கு.”

சென்ற ஆண்டு நிறுவனம் ஒரு முடிவெடுத்தது. எல்லாக் கிளைகளின் அழைப்புகளையும் வேறொரு நகரத்தில் ஒரே இடத்தில் பெறுவது என்பது அந்த முடிவு. ஒருவர் பல மாவட்டங்களைப் பார்க்கலாம். கம்பி நிறுத்தப்பட்டதும் திரையில் பச்சை அடையாளம் விழும். அதைப் பார்த்துச் சொன்னால் போதும். நிறுவனத்தின் கண்ணால் பார்த்தால் இதில் பிழை காண்பது கடினம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

அருள்மலர் தலைமை அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசினார். குழுவினர் தெரிந்த குரலை நம்பித்தான் ஏறுகிறார்கள், அதைச் சட்டென்று மாற்ற வேண்டாம், புதிதாக இருக்கப் போகிறவர்களாவது வந்து இந்த இடங்களைப் பார்க்கட்டும், இவர்களோடு ஒரு நாளாவது இருந்து கதைக்கட்டும் என்று கேட்டார். மரியாதையாக நடத்தினார்களாம். தேத்தண்ணியும் கொடுத்தார்களாம். திரும்பி வந்த அன்று அலுவலக வாசலில் அவரைக் கண்டேன். அவரை அப்படிச் சோர்ந்து பார்த்ததில்லை.

“என்ன சொன்னவை?”

“பாப்பம் எண்டு சொன்னவை.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“அவை ‘பாப்பம்’ எண்டா நான் என்னத்தை அண்ணை திருப்பிச் சொல்லுறது?” என்றார்.

அந்த நாட்களிலேயே அவருக்கு வயிற்றில் நோ இருந்திருக்கிறது. வாய்வு என்று இஞ்சி குடித்துக்கொண்டு திரிந்தார். மேசையில் இருந்து எழும்பும்போது ஒரு கையால் விளிம்பைப் பிடிப்பதை எல்லோரும் கண்டார்கள். “என்ன அக்கா?” என்று கேட்டவர்களிடம், “ஒண்டும் இல்லை,” என்றார். ஒருவரும் காத்திருந்து இரண்டாம் முறை கேட்கவில்லை. அவரிடம் அப்படிக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது வசந்தனும் நானும் போனோம். மரியதாஸ் கட்டில் ஓரத்தில் இருந்து, ஒரு தோடம்பழத்தைச் சுளை சுளையாக உரித்து வைத்துக்கொண்டிருந்தார். யாரும் அதைச் சாப்பிடவில்லை. அருள்மலர் மெலிந்திருந்தார். குரல் மட்டும் அதே குரல்.

“டொக்டர் வந்து சொன்னவர் அண்ணை,” என்றார் என்னிடம். “சுத்திச் சுத்திச் சொன்னவர். நான் சொன்னன், ‘இனி மருந்தால சுகம் வராது, நோவைக் குறைக்கத்தான் மருந்து எண்டு சொல்லுறீங்கள். நான் விளங்கினது சரியோ?’ எண்டு. அந்தப் பிள்ளை அப்பிடியே நிண்டிட்டுது. பாவம், சின்னப் பெடியன். கண் கலங்கிட்டுது. ‘சரி அம்மா’ எண்டவர்.”

வசந்தன் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வசந்தன், இஞ்ச வா. புது இடத்தில ஆர் போனுக்கு இருக்கினமாம்?”

“தெரியாது அக்கா. நாளைக்கொரு ஆள்.”

“கதைச்சுப் பாத்தியோ?”

“கதைச்சனான். ஓகே அண்ணா, ஓகே அண்ணா எண்டுதுகள். நல்ல பிள்ளையள்தான். நீங்கள் எழும்பி வந்திடுவியள்தானே அக்கா, அதுவரைக்கும் எப்பிடியும் சமாளிக்கிறம்.”

அருள்மலர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அலுவலகத்தில் பேசுவது போலவே, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “வசந்தன், நான் இனி போனில இருக்கமாட்டன். திருப்பிச் சொல்லு.”

வசந்தனின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவர் காத்திருந்தார். எப்போதும் காத்திருப்பது போலவே. அந்த நோயாளர் விடுதியில் ஒரு வண்டில் உருண்டு போனது, யாரோ இருமினார்கள், மரியதாஸின் கையில் தோடம்பழம் அப்படியே இருந்தது.

“ஓம் அக்கா,” என்றார் வசந்தன்.

இத்தனை காலத்தில் யாரிடமும் அவர் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டதை நான் கண்டதில்லை. அன்று கண்ணை மூடிக்கொண்டார். “சரி, அது போதும்,” என்றார்.

ஆகவே சந்தையில் எனக்கு வந்த அழைப்பில் வசந்தன் ஏன் அப்படி வற்புறுத்தினார் என்று நான் யோசித்ததுண்டு. அருள்மலரிடம் தன்னால் திருப்பிச் சொல்ல முடியாமல் போனதை, நான் சொல்லிக் கேட்க வேண்டியிருந்ததோ தெரியாது. கேட்கவில்லை.

நாயாற்றில் அடக்கம் நடந்தது. காற்று அதிகம். பாதர் சொன்னது முன்னால் நின்றவர்களுக்குத்தான் கேட்டது. குழுவினர், பெரும்பாலும் சைவக்காரர், செபங்களின் சொல் தெரியாமல் பின்னால் நின்றார்கள். ஆனாலும் பாதர் சொல்லி மற்றவர்கள் திருப்பிச் சொன்ன இடங்களில் எல்லாம் அவர்களும் வாயசைத்தார்கள். இப்போது வெளிநாட்டில் இருக்கும் ரெஜி தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். சிவநேசன் இடது கையால் மண் போட்டார்.

அடக்கத்துக்கு அடுத்த கிழமை வேறொரு வேலையாகப் பளைக்குப் போகும் வழியில் வசந்தனின் குழுவைக் கண்டேன். வீதியோரம் ஒரு கம்பம். ஏணி சாத்தியிருந்தது. சுதன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏற வேண்டிய வசந்தன் கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டு தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். எனக்கும் கேட்கும்படி சத்தமாகவே பேசினார்.

“பிள்ளை, நிப்பாட்டியாச்சோ?”

“ஓம் அண்ணா, ஓகே.” இளம் பெண் குரல். மரியாதையான குரல்.

“ஓம் வேண்டாம் பிள்ளை. எந்த லைன், நீங்கள் சொல்லும் வரைக்கும் ஒருத்தரும் போடமாட்டினமோ எண்டதைச் சொல்லுங்கோ.”

“எனக்கு இங்க பச்சை காட்டுது அண்ணா.”

“பச்சை காட்டுது. சரி. அது எந்த லைன் எண்டு சொல்லுங்கோ. நான் திருப்பிச் சொல்லுறன்.”

“அண்ணா, எனக்கு மற்றக் கோல் வந்துகொண்டிருக்கு. நீங்கள் வேலையைத் தொடங்கலாம்.”

அழைப்பு நின்றது. வசந்தன் மறுபடி எடுத்தார். வரிசையில் இருக்குமாறு ஒரு பதிவுக் குரல் சொன்னது. அதற்குத் திருப்பிச் சொல்ல ஒன்றுமில்லை. சுதன் கருவியை நீட்டிக் கம்பியைச் சோதித்தார். மின்சாரம் இல்லை என்று காட்டியது. இந்த நிமிடத்தில் இல்லை. சுதன் வசந்தனைப் பார்த்தார். வசந்தன் தலையை ஆட்டவில்லை.

ஏணியை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் கம்பத்தடி நிழலில் இருந்தார்கள். மனேஜர் அழைத்தார். “எனக்கு மனம் ஒப்பேல்ல சேர்,” என்றார் வசந்தன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. வசந்தன் அதை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, “நீங்கள் என்னை வேலையால நிப்பாட்டப் போறன் எண்டு சொல்லுறீங்கள். அதுதானே சேர்?” என்றார். மறுமுனை வைத்துவிட்டது.

எதிர்வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். “தம்பி, கரண்ட் எப்ப வரும்?”

“தெரியாது அம்மா,” என்றார் வசந்தன்.

நானும் அவர்களோடு கொஞ்ச நேரம் இருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தலைக்கு மேலே அந்தக் கம்பி காற்றில் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. நாளைக்கு அவர்களுக்கு என்ன ஆகும், அவர்களுக்குப் பதிலாக வேறு யாரை ஏறச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததைத்தான் எழுத முடியும்.

தங்கச்சி அருள்மலர், அன்று வசந்தன் ஏறவில்லை. திருப்பிச் சொல்கிறேன். அன்று வசந்தன் ஏறவில்லை.

போயிட்டு வாங்கோ.